மோல் கணக்கு: நிறுத்துப் பார்த்து எண்ணும் வித்தை

நூறு வெற்றிலை கொண்ட கட்டைக் கவுளி என்று சொல்லும் வழக்கம் நம்மிடம் உண்டு. பினாங்கு ஜார்ஜ் டவுன் லிட்டில் இந்தியாவில் திருமணத்துக்கு வெற்றிலை வாங்கப் போகும் ஒருவர் பத்துக் கவுளி வேண்டும் என்றால், ஆயிரம் இலை என்பது விற்பவருக்கும் வாங்குபவருக்கும் ஒருசேர விளங்கிவிடும். வேதியியலில் மோல் என்பதும் இவ்வகைச் சொல்தான். கவுளி நூறைக் குறிப்பதுபோல, மோல் 6.02 × 10²³ என்ற எண்ணிக்கையைக் குறிக்கிறது. அது எடையைக் குறிக்கும் சொல் அன்று, கன அளவைக் குறிக்கும் சொல்லும் அன்று. எத்தனை துகள்கள் என்பதை மட்டுமே சொல்லும் சொல். மலேசிய இடைநிலைப்பள்ளியின் நான்காம் படிவ வேதியியலின் மூன்றாம் பாடத்தில் நம் பிள்ளைகள் தடுமாறுவதை வார இறுதி வகுப்புகளில் பல ஆண்டுகளாகப் பார்த்துவருகிறேன். பெருக்கலும் வகுத்தலும் தெரியாததால் அவர்கள் தடுமாறுவதில்லை. மோல் ஓர் எண்ணிக்கை என்பது மனத்தில் பதிவதற்கு முன்பே சூத்திரங்களை மனனம் செய்துவிடுவதுதான் காரணம்.

நானும் அப்படித்தான் தொடங்கினேன். ஒரு முக்கோணத்தை வரைந்து, மேலே பொருண்மையையும் கீழே மோலையும் மோலார் பொருண்மையையும் (ஒரு மோலின் பொருண்மை) எழுதி, வேண்டியதை விரலால் மறைத்து விடை காணும் முறையை எங்கள் வகுப்பில் கற்றுத் தந்தார்கள். அது எளிய கணக்குகளுக்கு விடை தந்தது. எதை எண்ணுகிறோம் என்பதைத் தரவில்லை. ஆகவே, இந்த வழிகாட்டியைப் பின்பற்றும் மாணவர்கள் முதல் இரண்டு வாரங்களுக்கு அந்த முக்கோணத்தை ஒதுக்கிவைக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

முதலில் சமையலறையில் ஒரு சிறு சோதனையைச் செய்து பாருங்கள். நூறு கொண்டைக்கடலையை எண்ணித் தராசில் வையுங்கள். பிறகு நூறு பச்சைப்பயறை எண்ணி வையுங்கள். கடலை 40 கிராமும் பயறு 5 கிராமும் இருந்ததாக வைத்துக்கொள்வோம். இனி எண்ணவே வேண்டியதில்லை. 400 கிராம் கடலையை நிறுத்தால் அதில் ஆயிரம் கடலை இருக்கும். 50 கிராம் பயறை நிறுத்தால் அதிலும் ஆயிரம் பயறு இருக்கும். ஒரு கடலை ஒரு பயறைப்போல எட்டு மடங்கு எடை என்பது தெரிந்தால் போதும். எட்டுக்கு ஒன்று என்ற விகிதத்தில் எவ்வளவு நிறுத்தாலும் இரு குவியல்களிலும் எண்ணிக்கை ஒன்றாகவே இருக்கும். ஒப்பு அணுப் பொருண்மை என்று பாடநூல் கூறுவது இந்த மடங்கைத்தான். கார்பனுக்கு 12 என்றும் மக்னீசியத்துக்கு 24 என்றும் அட்டவணை காட்டினால், ஒரு மக்னீசிய அணு ஒரு கார்பன் அணுவைப்போல இரு மடங்கு கனமானது என்று பொருள். எனவே 12 கிராம் கார்பனிலும் 24 கிராம் மக்னீசியத்திலும் அணுக்களின் எண்ணிக்கை ஒன்றே. அந்தப் பொது எண்ணிக்கைக்குத்தான் மோல் என்று பெயர்.

அந்த எண் ஏன் இவ்வளவு விசித்திரமாக இருக்கிறது என்று கேட்கும் பிள்ளை நல்ல கேள்வியைக் கேட்கிறது. நெடுங்காலம் மோலுக்கு வரையறையாக இருந்தது எண் அன்று, எடை: 12 கிராம் கார்பன்-12இல் எத்தனை அணுக்கள் உள்ளனவோ அத்தனை துகள்கள் ஒரு மோல் என்றார்கள். அது எத்தனை என்பதைப் பின்னர் அளந்து கண்டுபிடித்தபோது கிடைத்த எண் இது. 2019 மே 20 முதல் நடைமுறைக்கு வந்த அனைத்துலக அலகு முறையில் வரையறை திருப்பிப் போடப்பட்டது. இப்போது ஒரு மோல் என்றால் மிகச் சரியாக 6.02214076 × 10²³ துகள்கள். இத்தாலிய அறிவியலாளர் அவகாட்ரோவின் பெயரை இந்த மாறிலிக்கு 1909இல் சூட்டியவர் பிரெஞ்சு இயற்பியலாளர் ஜான் பெரென். பள்ளிக் கணக்குக்கு 6.02 × 10²³ போதும்.

மொழியைப் பற்றியும் ஒரு சொல். தமிழ்ப்பள்ளியில் ஆறாம் ஆண்டுவரை பொருண்மை, கன அளவு, விகிதம் என்று படித்த பிள்ளை, இடைநிலைப்பள்ளியில் ஜிசிம், இசி பாடு, நிஸ்பா என்ற மலாய்ச் சொற்களைச் சந்திக்கிறது. சில பள்ளிகளில் பாடம் ஆங்கிலத்தில் நடக்கிறது. சொல் மாறியதைப் பொருள் மாறிவிட்டதாகப் பிள்ளைகள் எண்ணிவிடுகிறார்கள். நோட்டின் முதல் பக்கத்தில், பிலாங்கான் மோல் என்றால் மோல் எண்ணிக்கை, ஸாரா என்றால் துகள், ஜிசிம் மோலார் என்றால் ஒரு மோலின் பொருண்மை என்று தம் கையால் எழுதிவைத்தால், அந்தப் பயம் பாதி அங்கேயே தீரும். விடையை எந்த மொழியில் எழுத வேண்டுமானாலும், யோசிப்பதைத் தெரிந்த மொழியில் செய்யலாம்.

இனிக் கணக்குக்கு வருவோம். ஒரு குவளை தே ஓவை, அதாவது பால் சேர்க்காத தேநீரை, எடுத்துக்கொள்ளுங்கள். அதில் ஏறக்குறைய இரண்டு தேக்கரண்டி, அதாவது 8.55 கிராம் சீனி கரைந்திருப்பதாகக் கொள்வோம். சீனி மூலக்கூறு ஒன்றில் 12 கார்பன், 22 ஹைட்ரஜன், 11 ஆக்சிஜன் அணுக்கள் உள்ளன. ஒப்பு அணுப் பொருண்மைகள் முறையே 12, 1, 16 என்பதால், 144, 22, 176 ஆகிய மூன்றையும் கூட்டினால் 342 வருகிறது. ஒரு மோல் சீனி 342 கிராம். நம்மிடம் உள்ளதோ 8.55 கிராம். 8.55ஐ 342ஆல் வகுத்தால் 0.025 மோல். இங்கே வகுப்பதா பெருக்குவதா என்று தயங்கும் மாணவர், சூத்திரத்தைத் தேடாமல் தன்னையே ஒரு கேள்வி கேட்க வேண்டும்: என்னிடம் இருப்பது ஒரு முழு மோலைவிடக் கூடுதலா, குறைவா? 342 கிராமுக்கு மிகக் குறைவாக இருப்பதால் விடை ஒன்றுக்குக் கீழேதான் வர முடியும். தவறிப் பெருக்கியவருக்கு 2924 என்று வரும். இரண்டு கரண்டிச் சீனியில் கிட்டத்தட்ட மூவாயிரம் மோல் இருக்க முடியாது என்பதைக் கண்டுகொள்ள யாருடைய உதவியும் தேவையில்லை.

இந்த 0.025 மோல் கைக்கு வந்துவிட்டால், அதே குவளையைப் பற்றி எந்தக் கேள்விக்கும் விடை சொல்லலாம். மூலக்கூறுகள் எத்தனை என்றால் 0.025ஐ 6.02 × 10²³ஆல் பெருக்க வேண்டும்; 1.505 × 10²² என்று வரும். கார்பன் அணுக்கள் எத்தனை என்றால், ஒவ்வொரு மூலக்கூறிலும் 12 இருப்பதால் கார்பன் மட்டும் 0.3 மோல், அதாவது 1.806 × 10²³ அணுக்கள். தேநீரின் அளவு 250 மில்லிலிட்டர் என்றால், அதாவது 0.25 லிட்டர் என்றால், சீனியின் செறிவு 0.025ஐ 0.25ஆல் வகுக்கக் கிடைக்கும் 0.1 மோல், ஒரு லிட்டருக்கு இவ்வளவு என்று பொருள். பாடநூலில் வரும் கன டெசிமீட்டர் வேறு ஏதோ அளவு என்று மலைக்க வேண்டாம், அது லிட்டரேதான். கிராமிலிருந்து துகளுக்கும், துகளிலிருந்து கன அளவுக்கும், எங்கிருந்து எங்கே போவதானாலும் மோல் என்னும் நடுக்கூடத்தைக் கடந்துதான் போக வேண்டும். குறுக்குவழி தேடுபவர்கள்தான் வழிதவறுகிறார்கள்.

ஒரு மோலின் பொருண்மையைக் கூட்டும்போது மூன்று இடங்களில் கவனம் தேவை. கால்சியம் ஹைட்ராக்சைடின் Ca(OH)₂ என்னும் வாய்பாட்டில் அடைப்புக்குறிக்கு வெளியே உள்ள 2, உள்ளே உள்ள ஆக்சிஜனுக்கும் ஹைட்ரஜனுக்கும் சேர்த்தே பொருந்தும். ஆகவே 40உடன் 17ஐ இருமுறை கூட்டி 74 பெற வேண்டும். நீல நிறச் செம்பு சல்பேட்டுப் படிகத்தில் ஐந்து நீர் மூலக்கூறுகள் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. அவற்றின் 90ஐ விட்டுவிட்டால் 250 வர வேண்டிய இடத்தில் 160 நிற்கும். மூன்றாவதுதான் பெருந்தவறு. காற்றில் உள்ள ஆக்சிஜன் இரண்டிரண்டு அணுக்களாகப் பிணைந்த மூலக்கூறு. எனவே 'ஒரு மோல் ஆக்சிஜன் வாயு' என்றால் 32 கிராம். 'ஒரு மோல் ஆக்சிஜன் அணு' என்றால்தான் 16 கிராம். நான்காம் படிவத்தில் இதே இடத்தில் நான் மதிப்பெண் இழந்தேன். முக்கோணம் சரியாக இருந்தது, எதை எண்ணுகிறேன் என்பதைத்தான் எழுதவில்லை. அன்றிலிருந்து 'மோல்' என்று மட்டும் எழுதி நிறுத்துவதில்லை. மோல் சீனி, மோல் ஆக்சிஜன் மூலக்கூறு, மோல் குளோரைடு அயனி என்று பொருளின் பெயரையும் சேர்த்தே எழுதுகிறேன்; என் மாணவர்களிடமும் அதையே வற்புறுத்துகிறேன். பத்து என்று மட்டும் சொன்னால், பத்து வெற்றிலையா பத்துக் கவுளியா என்று கேட்கத்தானே செய்வோம்?

வாயுக்களுக்கு மட்டும் ஒரு சலுகை உண்டு. ஒரே வெப்பநிலையிலும் அழுத்தத்திலும் சம கன அளவுள்ள வாயுக்களில் சம எண்ணிக்கையில் மூலக்கூறுகள் இருக்கும் என்று அவகாட்ரோ 1811இல் கூறினார். அதனால் எந்த வாயுவானாலும் ஒரு மோல் ஒரே இடத்தைத்தான் பிடிக்கும். பள்ளிக் கணக்கில், அறைச் சூழலில் அது 24 லிட்டர். 0 பாகை செல்சியசிலும் ஒரு வளிமண்டல அழுத்தத்திலும் 22.4 லிட்டர். எந்தச் சூழல் என்பதை வினாவே கூறிவிடும். அந்தச் சொல்லின் கீழ் கோடிடுங்கள். (30 பாகைக்கு மேல் காயும் நம் பினாங்கு அறைகளில் உண்மையில் 24ஐவிடச் சற்றுக் கூடும், தேர்வில் கொடுத்த எண்ணையே பயன்படுத்த வேண்டும்.) மில்லிலிட்டரில் தந்த அளவை ஆயிரத்தால் வகுத்து லிட்டராக்காமல் கணக்கில் போட்டுவிடுவது இங்கே அடிக்கடி நடக்கும் பிழை.

அடுத்து வேதிச் சமன்பாடு. பினாங்கிலிருந்து நெடுஞ்சாலையில் கோலாலம்பூருக்குப் போகும்போது ஈப்போவை ஒட்டி நிற்கும் வெண்மையும் சாம்பலுமான குன்றுகளைப் பார்த்திருப்பீர்கள். அவை சுண்ணாம்புக் கற்குன்றுகள்; அக்கல்லின் பெரும்பகுதி கால்சியம் கார்பனேட்டு. அதைச் சூளையில் சுட்டால் கால்சியம் ஆக்சைடு என்னும் நீற்றாத சுண்ணாம்பும் கார்பன் டைஆக்சைடும் கிடைக்கின்றன. சுட்ட சுண்ணாம்பில் நீர் விட்டால் கொதித்துப் பொங்கிக் கால்சியம் ஹைட்ராக்சைடு ஆகிறது. வெற்றிலையில் தடவும் சுண்ணாம்பு அதுதான். இந்த இரண்டு வினைகளின் சமன்பாடுகளிலும் எல்லாப் பொருள்களுக்கும் முன்னால் நிற்கும் எண் 1தான். 25 கிராம் கல்லைச் சுட்டால் எவ்வளவு சுண்ணாம்பு கிடைக்கும் என்று கேட்டால், ஒன்றுக்கு ஒன்றுதானே, 25 கிராம் கிடைக்கும் என்று சில மாணவர்கள் எழுதிவிடுகிறார்கள். சமன்பாட்டின் எண்கள் கிராமைப் பற்றிப் பேசுவதே இல்லை. அவை எண்ணிக்கையை மட்டுமே பேசுகின்றன. ஒரு கடலைக்கு ஒரு பயறு என்று சொன்னால் 40 கிராம் கடலைக்கு 40 கிராம் பயறு என்று ஆகிவிடாது.

ஆகவே முதலில் கிராமை மோலாக மாற்ற வேண்டும். கால்சியம் கார்பனேட்டு ஒரு மோல் 40, 12, 48 சேர்ந்து 100 கிராம். 25 கிராம் என்பது 0.25 மோல். சமன்பாடு ஒன்றுக்கு ஒன்று என்பதால் கால்சியம் ஆக்சைடும் 0.25 மோல், கார்பன் டைஆக்சைடும் 0.25 மோல். இப்போதுதான் திரும்பக் கிராமுக்கு வரலாம். கால்சியம் ஆக்சைடு ஒரு மோல் 56 கிராம் என்பதால் கிடைப்பது 14 கிராம். கார்பன் டைஆக்சைடு ஒரு மோல் 44 கிராம் என்பதால் 11 கிராம். வாயுவின் அளவைக் கேட்டால் 0.25ஐ 24ஆல் பெருக்க 6 லிட்டர். விடையைச் சரிபார்க்க ஆசிரியரிடம் போக வேண்டியதில்லை: 14உம் 11உம் சேர்ந்து 25 ஆகிறதா என்று பாருங்கள். தொடர்ந்து, அந்த 14 கிராம் சுண்ணாம்பை முழுதும் நீற்ற எவ்வளவு நீர் வேண்டும் என்பதை நீங்களே போட்டுப் பாருங்கள், 0.25 மோல் நீர், அதாவது 4.5 கிராம் என்றும், கிடைக்கும் கால்சியம் ஹைட்ராக்சைடு 18.5 கிராம் என்றும் வந்தால் முறை கைக்கு வந்துவிட்டது.

இரு பொருள்களின் அளவும் தரப்பட்ட கணக்குகளைக் கண்டு அஞ்சுபவர்களுக்குக் கோவில் வாசல் கடையில் கட்டும் அர்ச்சனைத் தட்டைத்தான் காட்டுவேன். ஒரு தட்டுக்கு ஒரு தேங்காய், இரண்டு வாழைப்பழம். கடையில் 30 தேங்காயும் 50 பழமும் இருந்தால் எத்தனை தட்டு வைக்கலாம்? பழத்தின் எண்ணிக்கை கூடுதலாக இருந்தாலும், 25 தட்டோடு பழம் தீர்ந்துவிடும். ஐந்து தேங்காய் மிஞ்சும். முதலில் தீர்வது எதுவோ, அதுவே விளைபொருளின் அளவைத் தீர்மானிக்கிறது. துத்தநாகமும் ஹைட்ரோகுளோரிக் அமிலமும் வினைபுரிவதும் இப்படித்தான்: ஒரு துத்தநாகத்துக்கு இரண்டு அமிலம் என்பது சமன்பாடு. 3.25 கிராம் துத்தநாகத்தை, லிட்டருக்கு ஒரு மோல் செறிவுள்ள 50 மில்லிலிட்டர் அமிலத்தில் போடுகிறோம். துத்தநாகத்தின் ஒப்பு அணுப் பொருண்மை 65 என்பதால் அது 0.05 மோல். அமிலம் 0.05 லிட்டரை 1ஆல் பெருக்க, அதுவும் 0.05 மோல். இரண்டும் சமம் என்பதால் இரண்டும் ஒன்றாகத் தீரும் என்று மனம் சொல்லும். தட்டை நினைத்துப் பாருங்கள். 50 தேங்காயும் 50 பழமும் இருந்தால் 25 தட்டுதான். அமிலம் முதலில் தீர்கிறது. வெளிவரும் ஹைட்ரஜன் 0.025 மோல், அறைச் சூழலில் 0.6 லிட்டர். மிஞ்சும் துத்தநாகம் 0.025 மோல், அதாவது 1.625 கிராம்.

கடைசியாக, எண்ணை ஏட்டில் பார்ப்பதோடு நில்லாமல் கையால் தொட்டறியும் இடம் ஒன்று உண்டு. மக்னீசியம் ஆக்சைடின் வாய்பாட்டை ஆய்வுக்கூடத்தில் கண்டறியும் சோதனையை எல்லா மாணவர்களும் ஒரு முறையாவது தாமே செய்ய வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம். மக்னீசிய நாடாவை முதலில் மணல்தாளால் தேய்த்து, மங்கிய படலம் நீங்கிப் பளபளக்கும்வரை சுத்தம் செய்ய வேண்டும். அந்தப் படலமே ஆக்சைடு என்பதால் அது இருந்தால் கணக்கு தொடக்கத்திலேயே கோணிவிடும். மூடியோடு மூசையை (சூடாக்கப் பயன்படும் சிறு கிண்ணம்) நிறுத்து, நாடாவைத் தளர்வாகச் சுருட்டி உள்ளே வைத்து மீண்டும் நிறுக்க வேண்டும். பிறகு கடுமையாகச் சூடாக்கி, மூடியை இடுக்கியால் சிறிதளவே உயர்த்தி உடனே மூட வேண்டும். உயர்த்தாவிட்டால் ஆக்சிஜன் உள்ளே போகாது; அதிகம் உயர்த்தினால் வெண்புகை வெளியேறிவிடும், அந்தப் புகைதான் நாம் நிறுக்க வேண்டிய மக்னீசியம் ஆக்சைடு. நாடா எரிவது நின்றபின் மூடியைத் திறந்து வைத்துச் சூடாக்கி, ஆறவிட்டு, நிறுத்து, மீண்டும் சூடாக்கி, எடை மாறாமல் நிற்கும்வரை இதைத் திரும்பச் செய்ய வேண்டும்.

மூசையும் மூடியும் 26.35 கிராம், மக்னீசியத்தோடு 26.71 கிராம், இறுதியில் 26.95 கிராம் என்று கிடைத்ததாகக் கொள்வோம். மக்னீசியம் 0.36 கிராம், 24ஆல் வகுக்க 0.015 மோல். சேர்ந்த ஆக்சிஜன் 0.24 கிராம், இங்கே எண்ணுவது அணுக்களை என்பதால் 16ஆல் வகுக்க வேண்டும், அதுவும் 0.015 மோல். ஒன்றுக்கு ஒன்று: வாய்பாட்டில் மக்னீசியம் ஓரணு, ஆக்சிஜன் ஓரணு. ஒரு குழுவினர் மூடியை அதிக நேரம் திறந்துவைத்திருந்து, இறுதி எடை 26.92 கிராம் என்று எழுதினால் என்ன ஆகும்? ஆக்சிஜன் 0.21 கிராம், ஏறக்குறைய 0.0131 மோல்; விகிதம் எட்டுக்கு ஏழு. 0.03 கிராம் புகை வாய்பாட்டையே குலைத்துவிட்டது. அந்த எட்டுக்கு ஏழை அழித்துவிட்டு ஒன்றுக்கு ஒன்று என்று எழுதிவைக்கும் பழக்கம் வேண்டாம். கிடைத்த எண்ணை அப்படியே பதிந்து, அதன் அருகில் மூடி எவ்வளவு நேரம் திறந்திருந்தது என்பதையும் எழுதி, மீதமுள்ள நாடாவைத் தேய்த்து இன்னொரு முறை செய்து பாருங்கள்.